உரோமரின் அன்றாட வாழ்விற் பணம்

பேரரசொன்றின் பெருமையை அதன் படைகளிலும் மாளிகைகளிலும் காண்பது வழக்கம். எனினும், உரோமர் எவ்வாறு வாழ்ந்தனர் என அறிய விழைவோர் அவர்தம் கைகளிற் புழங்கிய காசுகளையும் நோக்குதல் வேண்டும்.

அகத்தசுப் பேரரசன் காலத்தில் உரோமரின் நாணயமுறை செம்மையுற்றது. ஒரு பொன் நாணயம் 25 தினாரியசு என்னும் வெள்ளி நாணயங்களுக்கு ஒப்பாயிற்று. ஒரு தினாரியசு 4 செசுத்தேர்சுக்கும், ஒரு செசுத்தேர்சு 4 அசுக்கும் சமமாகும். அசு என்பது செப்புக்காசு. அதன் காற்பங்கே பொது நீராடுமண்டபத்திற் செலுத்தும் கட்டணமாயிருந்தது. பொம்பெயி நகரத்துச் சுவரெழுத்தொன்று, ஓர் அசுக்குச் சாதாரண மதுவும் 4 அசுக்கு உயர்ந்த மதுவும் கிடைக்குமெனக் கூறுகின்றது. படைவீரனின் ஆண்டூதியம் 225 தினாரியசு ஆகும்.

சிறு செலவுகளுக்குக் காசு போதுமாயிற்று. பெருந்தொகைகளுக்கோ எழுத்தின் துணை வேண்டியிருந்தது. கி.பி. 79 இல் எரிமலையாற் புதையுண்ட பொம்பெயியில், யுக்குந்தசு என்னும் பணவணிகரின் இல்லத்திலிருந்து மெழுகு பூசிய மரப்பலகைகள் 150க்கு மேற்பட்டவை 1875 இல் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுட் பல, ஏலத்தில் விற்ற பொருளின் விலையைத் தரகு கழித்து உரியவரிடம் கொடுத்தமைக்குப் பெற்ற பற்றுச்சீட்டுகளாம். கி.பி. 56 இல் எழுதப்பட்ட ஒன்று, உம்பிரிசியா என்னும் பெண்ணுக்குரிய 11,039 செசுத்தேர்சைக் குறிக்கின்றது. இத்தொகையைத் தினாரியசாக எண்ணினால் ஏறத்தாழ 10 கிலோகிராம் நிறையாகும். அவள் வேண்டியவாறு மற்றொருவர் பற்றுச்சீட்டை எழுதினார். இத்தகைய பலகைகளிற் சாட்சிகளும் முத்திரையிடுதல் மரபு. பின்னர் வழக்கு எழுமாயின், கொடுத்தவர்க்கும் வாங்கியவர்க்கும் அப்பலகையே காவலாகும்.

ஆயினும், காசின் மதிப்பே குன்றுமிடத்து எழுத்தும் சாட்சியும் காவலாகமாட்டா. கி.பி. 64 அளவில் நீரோ மன்னன் தினாரியசின் நிறையையும் அதன் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். பின்வந்த மன்னர் பலரும், படைச்செலவு பெருகப் பெருக, அவ்வழியையே பின்பற்றினர். கி.பி. 270 அளவில் வெள்ளி நாணயமெனப்பட்டதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிதானும் இல்லை. விலைகள் ஏறின. கி.பி. 301 இல் தயோக்கிளேசியன் பண்டங்களுக்கும் கூலிக்கும் உச்சவிலை வகுத்து, மீறுவோர்க்கு மரணதண்டனையும் விதித்தான். அக்கட்டளை பயன் தரவில்லை.

தமிழில் நாணயம் என்னுஞ்சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். உரோமக் குடிமக்கள் தம் கொடுக்கல் வாங்கலில் அரிதிற் பேணிய நாணயத்தை அவர்தம் அரசு பேணத் தவறியது. அதன் துன்பத்தைச் சுமந்தோர், செப்புக்காசை எண்ணி வாழ்ந்த எளிய மக்களேயாவர்.