காயுது, இறுகுது, சிவக்குது: ராயகிரி வீட்டில் ஒரு நெயில் பாலிஷ் சோதனை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

பின்னாடி ஒரு இரைச்சல் கேட்குதா? அது மைக் கோளாறு இல்ல, ஆடிக்காத்து. இந்த எபிசோடை எங்க ஊரான ராயகிரியில் இருந்து பதிவு பண்றேன். தென்காசி மாவட்டம், சிவகிரி பக்கம். வாசல்ல நின்னா மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும்.

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்காக வந்தேன். கோமதி அம்மன் தவம் இருந்து, சிவனும் திருமாலும் ஒரே உருவமா, சங்கரநாராயணரா காட்சி கொடுத்ததைக் கொண்டாடுற திருவிழா. எனக்குச் சின்ன வயசுல தபசுன்னா சாமிக்கு அடுத்து வளையல் கடைதான். கண்ணாடி வளையல், ரிப்பன், அதுக்குப் பக்கத்துல வரிசையா குட்டிக் குட்டி பாட்டில்.

அந்தப் பாட்டிலை எங்க வீட்ல யாரும் நெயில் பாலிஷ்னு சொன்னதில்ல. "க்யூடெக்ஸ்"தான். உங்க வீட்லயும் அப்படித்தானே? அது ஒரு அமெரிக்க நிறுவனத்தோட பேரு. 1911-ல் நார்தம் வாரன் என்பவர் கொண்டுவந்தது நகப்பூச்சே இல்ல, நக ஓரத் தோலை நீக்குற திரவம். அந்தத் தோலுக்கான ஆங்கிலச் சொல் க்யூட்டிகிள், அதுல இருந்து க்யூடெக்ஸ். அப்புறம்தான் பாலிஷ் வந்தது. 1932-ல் ரெவ்லான் வந்து, சாயத்துக்குப் பதிலா நிறமித் தூளைக் கலந்து, அடியில இருக்கிற நகம் தெரியாத அளவுக்கு அடர்த்தியான கலர்களைக் கொடுத்தது. நம்ம நாட்ல 1952-ல் டாடா தொடங்கினது லக்மே. அது ஒரு பிரெஞ்சு ஆபெரா நாயகியோட பேரு. நம்ம லட்சுமிதான் பிரெஞ்சுக்காரங்க வாயில லக்மே ஆனது.

இந்தத் தடவை என் பையில 14 பாட்டில். கூட என் சித்தி மகள், பிளஸ் டூ படிக்கிறா. எல்லாத்தையும் திண்ணையில பரப்பினதும் அம்மா கேட்டது: "ஏட்டி, பெயின்ட் கடையா வைக்கப் போற?"

அம்மா கிண்டலுக்குச் சொன்னாங்க. ஆனா அது முழுக்க உண்மை.

பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு?

நெயில் பாலிஷ் ஒரு பெயின்ட்தான். ஒரு காலத்துல கார்களுக்கு அடிச்ச பெயின்டுக்கும் இதுக்கும் ஆதாரப் பொருள் ஒண்ணுதான்: நைட்ரோசெல்லுலோஸ். பருத்தியிலயும் மரக்கூழ்லயும் இருக்கிற செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோட சேர்த்துச் செய்றது. இதே பொருள்ல நைட்ரஜன் அளவைக் கூட்டினா அதுக்குப் பேரு வெடிபஞ்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்த நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் மாதிரி சீக்கிரம் ஆவியாகுற கரைப்பான்ல கரைச்சிருப்பாங்க. மூக்குல ஏறுற வாசனை அதுதான். கூடவே பூச்சு வெடிக்காம வளைஞ்சு கொடுக்க ஒரு பொருள், நகத்துல ஒட்டிப் பிடிக்க ஒரு பிசின், நிறமி அடியில தங்கிடாம இருக்க கொஞ்சம் களிமண். ஆமா, களிமண்தான்.

நகத்துல பூசினதும் கரைப்பான் காத்துல போயிடும், மத்தது படலமா நின்னுடும். அவ்வளவுதான் "காயுறது". புதுசா எந்த ரசாயன மாற்றமும் நடக்கல. அதனாலதான் ரிமூவர் தொட்டதும் திரும்பக் கரைஞ்சு வந்துடுது. வீட்ல எத்தனை தடவை வேணும்னாலும் தப்பு பண்ணலாம், அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

ஆடிக்காத்துல கத்துக்கிட்டது

முதல் நாளே சொதப்பல். திண்ணையில உட்கார்ந்து கருநீலம் பூசினோம். அன்னைக்குன்னு பார்த்து லேசா சாரல். காய்ஞ்சதும் மேல வெள்ளையா புகை படிஞ்ச மாதிரி ஆச்சு. சித்தி மகள் பாட்டில் பழசுன்னு நினைச்சா. காரணம் ஈரம். கரைப்பான் வேகமா ஆவியாகும்போது பூச்சோட மேற்பரப்பு குளிர்ந்துடும். காத்துல ஈரம் அதிகமா இருந்தா அந்தக் குளிர்ச்சியில தண்ணி படிஞ்சு, நைட்ரோசெல்லுலோஸ் வெள்ளையா பிரிஞ்சு நிக்கும். உள் அறைக்குப் போய் பூசினதும் சரியாயிடுச்சு.

ஃபேனுக்கு நேரா கையை நீட்டுறதும் தப்பு. மேல்பக்கம் முதல்ல காய்ஞ்சு மூடிக்கும், உள்ள மாட்டின கரைப்பான் கொப்புளம் கொப்புளமா வெளிய வரும். கனமா ஒரு கோட் பூசாம, மெல்லிசா மூணு பூசுங்க. நடுவுல ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க. பாட்டிலைக் குலுக்காம உள்ளங்கையில வெச்சு உருட்டினா காத்துக்குமிழி சேராது. அடர் கலர்னா அடியில ஒரு பேஸ் கோட் கட்டாயம், இல்லனா நகம் மஞ்சளாகும்.

ஒரே சிவப்பு, நாலு முகம்

ஃபினிஷ்ங்கிறது கலர் இல்ல, வெளிச்சம் எப்படித் திரும்புதுங்கிறது. மேற்பரப்பு வழவழப்பா இருந்தா வெளிச்சம் ஒரே திசையில திரும்பும், பளபளன்னு தெரியும். மேட் பூச்சுல நுண்ணிய சிலிக்கா தூள் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், பளபளப்பு போயிடும். ஷிம்மர்ல இருக்கிறது மைக்கா, அதாவது அபிரகம். அதுமேல டைட்டானியம் டை ஆக்சைடு பூசியிருப்பாங்க. கண்ணாடி மாதிரி மின்னுற மெட்டாலிக்ல அலுமினியச் செதில். அலுமினியத் தூள்னதும் எங்க பக்கத்து ஆளுங்களுக்கு சிவகாசிதான் ஞாபகம் வரும். பட்டாசுல வெள்ளையா பளிச்சுனு எரியுறதும் அலுமினியம்தான்.

நாங்க செஞ்சு பார்த்து நல்லா வந்ததைச் சொல்றேன். ஷிம்மருக்கு அடியில ஒரு கோட் கறுப்பு பூசிப் பாருங்க, மினுமினுப்பு ரெண்டு மடங்கா தெரியும். நியானுக்கு அடியில வெள்ளை. புள்ளி வைக்க ஹேர்பின் முனை போதும். கோலம் போடுற பழக்கம் இருந்தா அஞ்சு நிமிஷத்துல நகத்துல புள்ளிக்கோலம் வந்துடும்.

வாட்டர் மார்பிள் ரொம்பப் பிடிச்சது. ரொம்பச் சில்லுனு இல்லாத சாதாரணத் தண்ணி ஒரு பழைய கிண்ணத்துல. ஒரு சொட்டு பாலிஷ் விட்டா வட்டமா விரியும். அதுக்குள்ள வேற கலர் ஒரு சொட்டு, அப்புறம் மறுபடி முதல் கலர். ஈர்க்குச்சியால கோடு இழுத்தா பூ மாதிரி வரும். விரலைச் சுத்தி தேங்காய் எண்ணெய் தடவிட்டு நகத்தை முக்கணும். வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி தண்ணி மேல மிச்சம் இருக்கிற படலத்தைக் குச்சியால சுருட்டி எடுத்துடணும். அந்தக் கிண்ணத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீங்க.

கலர் கலக்க எவர்சில்வர் மூடி நல்லது. தெர்மாகோல் தட்டு வேண்டாம், அசிட்டோன் பட்டா உருகி ஓட்டை விழும். பாட்டில் கெட்டியானா ரிமூவர் ஊத்தாதீங்க, படலம் பலவீனமாகும். அதுக்குன்னு தின்னர் கிடைக்குது, ரெண்டு சொட்டு போதும்.

கரன்ட் போன அந்தச் சாயங்காலம்

ரெண்டாவது நாள் ஆறரை மணி இருக்கும். உள் அறையில காத்து அடிக்குதுன்னு ஜன்னலைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கோம். தரையில ஏழெட்டு பாட்டில் திறந்து கிடக்கு, ரிமூவர் ஒரு கிண்ணத்துல. கரன்ட் போச்சு. சித்தி மகள் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எடுத்துட்டு வர்றா. அம்மா வாசல்படியிலயே அவ கையைப் பிடிச்சுட்டாங்க. "அங்கயே நில்லுட்டி. இந்த வாடைக்குள்ள தீக்குச்சி உரசுவியா?"

அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க. கெமிஸ்ட்ரி படிச்ச நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாடையை வெச்சே அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு.

அசிட்டோன் ஆவி பூஜ்யத்துக்குக் கீழ 20 டிகிரி செல்சியஸ்லயே தீப்பிடிக்கும். எத்தில் அசிடேட்டுக்கு மைனஸ் 4. நம்ம வீட்டுச் சூட்டுல அது எப்பவுமே தயாரா இருக்குன்னு அர்த்தம். இந்த ஆவி காத்தை விடக் கனம், அதனால மேல போகாது, தரையோட தவழ்ந்து போகும். நாம தரையில உட்கார்ந்து பூசுறோம், விளக்கும் தரையிலதான் ஏத்துறோம். ஜன்னலைத் திறந்து வைங்க. அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் அதே அறையில வேண்டாம். மூடியை உடனுக்குடன் மூடுங்க. ரிமூவர் நனைச்ச பஞ்சைச் சமையலறைக் குப்பையில போடாதீங்க.

ஜெல்: காயுறது இல்ல, இறுகுறது

"அக்கா, ஜெல் கிட் வாங்குவோமா? ரெண்டு வாரம் போகாதாம்"னு சித்தி மகள் கேட்டா. இந்த எபிசோடை நான் பண்ணணும்னு நினைச்சதே இந்தக் கேள்வியாலதான்.

ஜெல் பாலிஷ் காயுறதே இல்ல. அது அக்ரிலேட் வகை சின்ன மூலக்கூறுகள். புற ஊதா விளக்குல வெச்சா அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இறுகும். இங்க நிஜமாவே ரசாயன மாற்றம் நடக்குது. நல்லா இறுகினா பெரிய பிரச்சினை இல்ல. கோட் கனமா போச்சுன்னாலோ, விளக்கும் ஜெல்லும் ஒத்துப்போகலைன்னாலோ, மேல கெட்டியா தெரியும், உள்ள இறுகாத அக்ரிலேட் இருக்கும். அது தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா ஒவ்வாமை வரலாம்.

எனக்கு வந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி சென்னையில ஆன்லைன்ல ஒரு கிட் வாங்கினேன். நகத்தைத் தாண்டி தோல் மேலயும் பூசிட்டு, துடைக்காம விளக்குல வெச்சேன். மூணாவது மாசம் விரல் நுனியெல்லாம் அரிப்பு, அப்புறம் தோல் வெடிப்பு. நான் பாத்திரம் கழுவுற சோப்புன்னு நினைச்சு இன்னும் ரெண்டு தடவை பூசினேன். டாக்டர் முதுகுல பேட்ச் டெஸ்ட் வெச்சுப் பார்த்து, அக்ரிலேட்னு சொன்னார். கூடவே இன்னொண்ணும் சொன்னார்: இது பொதுவா வாழ்நாள் முழுக்கப் போகாது. பல் அடைக்கிற கலவை, மூட்டு மாற்று அறுவையில எலும்பை ஒட்டுற சிமென்ட், சர்க்கரை அளவு பார்க்க உடம்புல ஒட்டுற சில சென்சார் பசை, எல்லாத்துலயும் இதே குடும்பம். பல் டாக்டர்கிட்ட போறப்போ எல்லாம் முதல்ல இதைத்தான் சொல்றேன்.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்ல. பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-லயே வீட்டு ஜெல் கிட்கள் பத்தி எச்சரிச்சது. ஜெல்லுல பரவலா இருக்கிற ஹெமா என்ற அக்ரிலேட்டை ஐரோப்பிய ஒன்றியம் தொழில்முறை ஆட்கள் மட்டுமே பயன்படுத்தணும்னு சொல்லுது. டிபிஓ என்ற இன்னொரு பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் தடையே பண்ணிடுச்சு. நம்ம ஊர்ல இதெல்லாம் ஒரு கிளிக்ல வீட்டுக்கு வருது.

ஜெல் வேணும்னா அனுபவம் உள்ளவங்ககிட்ட போட்டுக்கோங்க. தோல்ல ஒட்டினதை விளக்குல வைக்கறதுக்கு முன்னாடி துடைக்கச் சொல்லுங்க. அரிப்பு வந்தா அன்னையோட நிறுத்துங்க. பிச்சு எடுக்காதீங்க, நகத்தோட மேலடுக்கும் சேர்ந்து வரும்.

அம்மா கேட்ட கலர்

கடைசி நாள் அம்மா கேட்டாங்க, "மருதாணி கலர் இருக்காட்டி?"

மருதாணி மூணாவது வகை. காயுறதும் இல்ல, இறுகுறதும் இல்ல, சிவக்குது. இலையில இருக்கிற லாசோன் நகத்தோட கெரட்டின்லயே போய்ப் பிணைஞ்சுக்கும். ரிமூவருக்கு அசையாது. கைநகம் மாசத்துக்குச் சுமாரா 3 மில்லிமீட்டர் வளரும், அது வளர்ந்து வெளிய போனாத்தான் உண்டு. ஒரே எச்சரிக்கை: கறுப்பா பிடிக்கும்னு விக்கிற கோன்ல பிபிடி என்ற முடிச்சாயம் இருக்கலாம். தோல் கொப்புளிச்சுப் போகும்.

அம்மா சிவக்கிற வகையைக் கேட்கல, அந்தக் கலரை மட்டும்தான் கேட்டாங்க. அடுத்த மாசம் அவங்களுக்குக் கண்புரை ஆபரேஷன். விரல்ல கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி நகம் வழியாத்தான் வெளிச்சம் அனுப்பும், அடர்ந்த பூச்சு இருந்தா அளவு தப்பாகலாம். அதனால அழிக்க முடியுறதுதான் வேணும். எவர்சில்வர் மூடியில நிறமில்லாத பாலிஷ் எட்டு சொட்டு, சிவப்பு மூணு, பிரவுன் ஒண்ணு, ஆரஞ்சு ஒண்ணு. மெல்லிசா மூணு கோட், ஜன்னல் திறந்து வெச்சு.

அம்மா கையைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தாங்க. "வாடை இல்லாம இருந்தா மருதாணினே சொல்லலாம்"னாங்க. அப்புறம், "காலுக்கும் போடு"ன்னாங்க.

சித்தி மகள் ஜெல் கிட் வாங்கலை. அந்தப் பணத்துல தபசுக் கடையில நாலு பாட்டில் வாங்கியிருக்கா. அடுத்த எபிசோடுல பார்ப்போம். உங்க வீட்ல இதுக்கு என்ன பேருன்னு எழுதி அனுப்புங்க.