மார்க்கெட் பக்கத்திலே, பாக்கெட் வீட்டுக்குள்ளே!

பரவை காய்கறி மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே மூட்டைகள் இறங்கிவிடுகின்றன. மதுரையின் பல தெருக்களுக்குக் கத்தரியும் வெண்டையும் போய்ச் சேருவது இங்கிருந்துதான். ஆனால் சுற்று வட்டாரத்துப் பெட்டிக்கடைகளில் முகப்பை மறைத்துத் தொங்குவது 5 ரூபாய், 10 ரூபாய் நொறுக்குத்தீனிச் சரங்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் கை நீட்டுவது அவற்றைத்தான்.

குடும்பச் செலவு பற்றிய மத்திய அரசின் 2023-24 கணக்கெடுப்பும் இதையே சொல்கிறது. முதலில் மொத்தச் செலவு: தமிழகக் கிராமத்தில் ஓர் ஆளுக்கு மாதம் 5,701 ரூபாய் செலவாகிறது, நகரத்தில் 8,165. நாடு முழுவதற்குமான கிராமச் சராசரியைவிட நம் கிராமத்துச் செலவு அதிகம். அந்தச் சராசரி 4,122 ரூபாய்தான். கையில் காசு புழங்குவது நல்ல சேதி. அந்தக் காசு எங்கே போகிறது என்பதுதான் கவலை.

1999-2000இல் இந்தியக் கிராமத்துக் குடும்பச் செலவில் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கே சுமார் 22 சதவீதம் போனது. இன்று அது 5 சதவீதம். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். சோற்றுக் கவலை பெருமளவு தீர்ந்தது. மிச்சமான பணத்தில் பாலும் பழமும் கொஞ்சம் கூடின. ஆனால் உணவுச் செலவில் முதலிடம் குளிர்பானம், பலகாரம், பதப்படுத்திய தீனி என்ற இனத்துக்கு. இந்தியக் கிராமத்தில் 100 ரூபாய் செலவானால் இதற்கு 9.84 ரூபாய், காய்கறிக்கு ஏறக்குறைய 6. இந்த இனத்தில் பெரிய மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 2022-23 கணக்கில் நகரத்து உணவுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு.

கடை டீயும் ஹோட்டல் சாப்பாடும் இந்தக் கணக்கில் சேரும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு நேரம் மிச்சமாகிறது என்பாரும் உண்டு. இருக்கட்டும். பெரியவர்கள் குடிக்கும் டீ அல்ல என் கவலை. எட்டு வயதுப் பிள்ளையின் மாலைப் பசி. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம் பேருக்கு. தேசிய சராசரி 11.4. உப்புக்கும் சர்க்கரைக்கும் நாக்கு பழகும் வயதில் எதைக் கொடுக்கிறோம் என்பது வீட்டுச் செலவுக் கணக்கோடு முடிகிற விஷயமா?

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், நூடுல்ஸ், மிக்சருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது. குடும்பங்களுக்கு அது ஆறுதல். பாக்கெட் வியாபாரத்துக்கோ இன்னும் வேகம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது. மதியம் சத்துணவு முன்பே உண்டு. காலையும் மதியமும் அரசு பார்த்துக்கொள்கிறது. சாயங்காலம் நாலு மணிப் பசியைப் பெட்டிக்கடைக்கு விட்டுவிட்டோம். பள்ளி விடும் நேரத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்தால் போதும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அவிக்கட்டும். உள்ளூராட்சி செலவை ஏற்கட்டும். காய்கறியும் பயறும் மலையாய்க் குவியும் மதுரையில் முடியாதென்றால், வேறெங்கே முடியும்?