கடுகு எப்படிப் பாடம் நடத்துகிறது?

சண்டே ஸ்கூல் வகுப்பில் அக்கா ஒரு கடுகை எடுத்து, ஆறு வயதுச் சிறுமியின் உள்ளங்கையில் வைக்கிறார். குறுக்களவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கொஞ்சம் பலமாக மூச்சு விட்டாலே உருண்டு ஓடிவிடும். "விசுவாசம் இந்தக் கடுகளவு இருந்தாலே போதும்னு இயேசு சொன்னார்" என்கிறார் அக்கா. சிறுமி கடுகைப் பார்க்கிறாள், அக்காவைப் பார்க்கிறாள், தலையாட்டுகிறாள். இதைவிட எளிய பாடம் இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால், தலையாட்டிய அந்த நொடியில் அவள் மூளை செய்து முடித்த வேலையை உளவியல் அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்துவருகிறார்கள்.

என்ன வேலை அது? முதலில், கடுகைக் கடுகாகப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றின் அடையாளமாகவும் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். கடுகின் எந்தக் குணம் பாடத்துக்கு வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க வேண்டும். சிறியது என்பது வேண்டும், முளைத்து வளரும் என்பது வேண்டும். கறுப்பு நிறமும், எண்ணெயில் வெடிப்பதும், நாக்கில் காரமாக உறைப்பதும் வேண்டாம். இந்தப் பிரிப்பை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

முதல் இரண்டு வேலைகளுக்கே குழந்தைக்குக் குறிப்பிட்ட வயது வர வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச் 1987இல் இதை அழகான சோதனை ஒன்றின் மூலம் காட்டினார். ஓர் அறையையும், அதே நாற்காலி மேசைகளுடன் அதன் குட்டி மாதிரியையும் அமைத்தார். மாதிரியின் குட்டி சோபாவுக்குப் பின்னால் குட்டி பொம்மையை ஒளித்துவைப்பதைக் குழந்தைகள் பார்த்தார்கள். "பெரிய பொம்மை பெரிய அறையில் இதே இடத்தில் ஒளிந்திருக்கிறது, கண்டுபிடி" என்றதும், மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகள் தடுமாறினார்கள். குட்டி பொம்மை எங்கே என்று கேட்டால் சரியாகக் காட்டினார்கள். ஆகவே ஞாபகத்தில் குறையில்லை. குட்டி அறை பெரிய அறையைக் குறிக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஆறே மாத இடைவெளியில் இவ்வளவு பெரிய தாண்டல்!

ஒரே பொருளைப் பொருளாகவும் அடையாளமாகவும் ஒருசேரப் பார்க்கும் இந்தத் திறனை இரட்டை உருவகிப்பு என்று சொல்லலாம். டிலோச் இதை இன்னொரு தந்திரத்தால் உறுதிசெய்தார். ஒரு கருவியைக் காட்டி, "இது அறையையே சுருக்கிவிடும் எந்திரம்" என்று குழந்தைகளை நம்பவைத்தார். இப்போது குட்டி அறை அடையாளம் கிடையாது, சுருங்கிப்போன அதே அறை! தடுமாறிய இரண்டரை வயதுக் குழந்தைகள் இப்போது பொம்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடையாளம் என்ற ஒரு படியை நீக்கியதும் சிக்கல் தீர்ந்தது.

அடுத்த கண்டுபிடிப்பு ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது. மூன்று வயதுக் குழந்தைகளைக் குட்டி அறையோடு சில நிமிடம் விளையாட விட்டபின் சோதித்தால், மதிப்பெண் குறைந்தது. குட்டி அறையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத் தொடவிடாமல் செய்தால், இரண்டரை வயதுக் குழந்தைகளின் மதிப்பெண் கூடியது. பொருள் எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் குழந்தையின் கவனத்தை அது தன்மேலேயே நிறுத்திக்கொள்கிறது. பாடத்துக்கு வழிவிடுவதில்லை. விளக்கு எரிந்து பாட்டுப் பாடும் பொம்மையைவிட அஞ்சறைப் பெட்டிக் கடுகு நல்ல ஆசிரியராக இருப்பதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. தினமும் பார்த்த பொருள் என்பதால் கடுகின் மேல் வியப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். மிச்சக் கவனம் முழுவதும் அர்த்தத்துக்குக் கிடைக்கும்.

மூன்றாவது வேலைக்கு வருவோம். "மேகம் ஸ்பாஞ்ச் மாதிரி" என்றால் என்ன என்று அறிதிறன் ஆய்வாளர் டெட்ரி ஜென்ட்னர் பல வயதினரிடம் கேட்டார். சின்னக் குழந்தைகள் "இரண்டும் மெத்மெத்தென்று இருக்கும்" என்கிற வகையில் பதில் சொன்னார்கள். வயதில் மூத்தவர்கள் "இரண்டும் தண்ணீரைப் பிடித்துவைத்துப் பிறகு விடும்" என்றார்கள். தோற்றத்தை ஒப்பிடுவதிலிருந்து செயலை ஒப்பிடுவதற்கு மனம் நகர்வதை உறவுநிலைப் பெயர்ச்சி என்பார்கள். "நீங்கள் பூமிக்கு உப்பு" என்ற இயேசுவின் வார்த்தையைச் சொல்லிவிட்டு நிறுத்தினால், ஐந்து வயதுக் குழந்தை வெள்ளை நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைக்குச் சர்க்கரையும் போதுமே!

அதனால் தேர்ந்த ஆசிரியர் உப்பைக் காட்டுவதோடு நிற்பதில்லை, வேலை செய்ய வைக்கிறார். ஒரு டம்ளர் தண்ணீரில் முட்டையைப் போடுகிறார், மூழ்குகிறது. எடுத்துவிட்டு இரண்டு மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து மறுபடி போடுகிறார், மிதக்கிறது. உப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் தண்ணீரின் அடர்த்தி, அதாவது ஒரே அளவு இடத்துக்குள் அடங்கும் எடை, முட்டையினுடையதைத் தாண்டிவிட்டது. ஒரு சிறு உப்புத் துணுக்கில் லட்சம் லட்சம் கோடிக்கும் அதிகமான சோடியம், குளோரைடு ஜோடிகள் இருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறுகள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சூழ்ந்துகொண்டு டம்ளர் முழுவதும் பரப்பிவிடுகின்றன. தெரியாமல் கலந்து சுற்றியுள்ளதை மாற்றுவது என்ற செயல் குழந்தையின் கண்முன்னே நடந்துவிட்டது. இனி அதை மனிதர்களுக்குப் பொருத்துவது சிறிய படிதான்.

இயேசு சொன்ன புளித்த மாவின் உவமையில் இன்னும் பெரிய வியப்பு இருக்கிறது. அதில் ஒரு பெண் மூன்று படி மாவைப் பிசைகிறாள். பழைய யூத அளவைப்படி அது 20 லிட்டருக்குக் குறையாது. நூறு பேருக்கு மேல் அப்பம் சுடலாம். அந்தக் காலத்தில் பாக்கெட் ஈஸ்ட் கிடையாது. முந்தைய பிசைவிலிருந்து எடுத்துவைத்த மாவில் காட்டு ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் சேர்ந்து குடியிருக்கும். நம் வீட்டு இட்லி மாவைப் பொங்கவைப்பதும் பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான். அவற்றில் முக்கியமானது லியூக்கோனாஸ்டாக். ஆகவே கடையில் வாங்கிய ஈஸ்ட்டைவிட, பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்துக் கலக்கிய இட்லி மாவு அந்த உவமைக்கு நெருங்கிய சொந்தம். சனிக்கிழமை இரவு பாத்திரத்தில் மாவின் மட்டத்துக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஞாயிறு காலை கோட்டைத் தாண்டி மாவு ஏறியிருப்பதைக் குழந்தையே பார்க்கும்.

ஆனால் மனிதரின் குணத்தைப் பொருளோடு ஒப்பிடும்போது ஒரு பள்ளம் காத்திருக்கிறது. எலன் வின்னரும் சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், சிறைக் காவலர் ஒருவர் பாறையாகிவிட்டார் என்ற வாக்கியத்தைக் குழந்தைகளுக்குச் சொன்னார்கள். ஆறேழு வயதினரில் சிலர், மந்திரத்தால் அவர் நிஜமாகவே கல்லாகிவிட்டார் என்று விளக்கினார்கள். எட்டு வயதையொட்டிப் பலர், அவர் உடம்பு கெட்டியாகிவிட்டது என்றார்கள். அவர் மனம் இரங்காதவர் என்ற பொருள் அதற்கும் பிறகுதான் தெளிவாக வந்தது. கதையும் சூழலும் துணை நின்றால் இன்னும் சிறு வயதிலேயே இது புரியும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. "கல்லான இருதயம்" என்ற பாடத்தில் கூழாங்கல்லை மட்டும் நீட்டாமல், கல்லின் மேலும் ஸ்பாஞ்சின் மேலும் தண்ணீரை ஊற்றி, எது உள்ளே வாங்குகிறது என்று பார்க்கவைப்பது அதனால்தான் பலன் தருகிறது.

இந்த உத்திகளில் பல வேதாகமத்துக்குள்ளேயே இருக்கின்றன. எசேக்கியேல் ஒரு செங்கல்லில் எருசலேமின் படத்தை வரைந்து, இரும்புச் சட்டியை மதிலாக நிறுத்தி முற்றுகையை நடித்துக் காட்டினார். டிலோச்சின் குட்டி அறைக்குப் பல நூற்றாண்டு முந்திய மாதிரி அது! எரேமியா மண்கலயத்தை மக்கள் முன் உடைத்தார். யோசுவாவின் புத்தகத்தில் யோர்தான் ஆற்றிலிருந்து 12 கற்களை எடுத்து நாட்டுகிறார்கள். பிற்காலத்தில் பிள்ளைகள் இந்தக் கற்கள் என்ன என்று கேட்கும்போது பதில் சொல்லுங்கள் என்பது கட்டளை. கல் முதலில், கேள்வி பிறகு, பாடம் கடைசியில். யூதர்களின் பஸ்கா விருந்தும் இதே வரிசையில் நடக்கிறது. புளிப்பில்லாத அப்பமும் கசப்புக் கீரையும் மேசையில் இருக்க, வீட்டின் இளைய பிள்ளை கேள்வி கேட்ட பிறகே கதை தொடங்கும்.

அடுத்த முறை வகுப்பெடுக்கும் அக்காக்களும் அண்ணன்மார்களும் இந்த வரிசையைச் செய்து பார்க்கலாம். பொருளை வைத்துவிட்டுக் காத்திருங்கள். குழந்தை கேட்கட்டும். பொருளை ஏதாவது செய்யவைத்து, என்ன நடந்தது என்று குழந்தையின் வாயாலேயே சொல்லவையுங்கள். "கடுகு எதில் விசுவாசம் மாதிரி இல்லை?" என்றும் கேளுங்கள், வேண்டாத குணங்களைக் கழிக்கும் மூன்றாவது வேலைக்கு அது நேரடிப் பயிற்சி. மறுவாரம் அந்தக் குழந்தை ஒரு தீக்குச்சியையோ வெந்தயத்தையோ எடுத்துவந்து, "அக்கா, இதுவும் அதே மாதிரிதானே?" என்று தன் சொந்த உவமையைச் சொன்னால், பாடம் முழுவதுமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பலாம்.