கே தெருவில் எங்கள் வீடு

குழந்தைகளே, நீங்கள் எப்போதாவது வேறு ஊருக்கு வீடு மாறிப் போயிருக்கிறீர்களா? சாமான்களை அட்டைப் பெட்டிகளில் போட்டுக் கட்டிவிடலாம். நண்பர்களை அப்படிக் கொண்டுபோக முடியாது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், என் வேலைக்காக நாங்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள எடிசனிலிருந்து மினசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபொலிஸுக்கு வந்தோம். காரில் வந்தால் சுமார் 1,200 மைல் தூரம். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. எடிசனில் ஓக் ட்ரீ ரோடு என்று ஒரு சாலை உண்டு. அங்கே இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும். தோசை, ஜிலேபி, பாவாடை சட்டை எல்லாம் அந்த ஒரே சாலையில் வாங்கலாம். அவளுடைய நெருங்கிய தோழியின் வீடும் பக்கத்துத் தெருவில்தான் இருந்தது.

நாங்கள் வந்தது ஜூன் மாதக் கடைசியில். இங்கே பள்ளிக்கூடம் திறப்பது செப்டம்பரில். நடுவில் இரண்டு மாதம் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. எதைப் பார்த்தாலும் "எடிசன்ல இப்படி இல்ல" என்பாள். வெளியே போகக் கூப்பிட்டால் வரமாட்டாள்.

நான் கம்ப்யூட்டர் மென்பொருள் எழுதுகிறவள். பிரச்சனை வந்தால் உடனே ஒரு பட்டியல் போடுவேன். நீச்சல் வகுப்பு, ஓவிய வகுப்பு, அருவி, அருங்காட்சியகம் என்று 22 வரிகள் எழுதினேன். ஒரே வாரத்தில் ஆறு இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழாவது இடத்தில் அவள் காரை விட்டு இறங்கவே இல்லை. "அம்மா, எனக்கு இங்க எதுவுமே தெரியல, வீட்டுக்குப் போலாம்" என்று அழுதாள். எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமியார் மதுரையிலிருந்து வந்தார். என் மகளுக்கு அவர் அப்பத்தா. அப்பத்தாவுக்குக் கார் பிடிக்காது. தினமும் காலையில் நடக்க வேண்டும். "நீயும் வாடி தங்கம், எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுல்ல" என்று அவளைக் கையோடு கூட்டிப் போனார்.

அப்படி நடக்கும்போதுதான் என் மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். எங்கள் பக்கத்துத் தெருக்களின் பெயர்கள் ஆங்கில எழுத்து வரிசையில் இருந்தன! ஆல்ட்ரிச், பிரையன்ட், கோல்ஃபாக்ஸ், டுபாண்ட், எமர்சன்... இப்படியே இசட் வரைக்கும் போகும். எக்ஸ் எழுத்துக்குக் கூட ஒரு தெரு உண்டு. அதன் பெயர் செர்க்சீஸ். அது பழைய பாரசீக அரசர் ஒருவரின் பெயர். இவை எல்லாம் வடக்கு தெற்காகப் போகும் தெருக்கள். குறுக்கே கிழக்கு மேற்காகப் போகும் தெருக்களுக்கு எண்கள். ஆக, ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் தெரிந்தால் போதும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம். இந்த ஊரின் வடகிழக்குப் பகுதியில் இன்னொரு வேடிக்கை. அங்கே வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன் என்று அமெரிக்க அதிபர்களின் பெயர்கள் வரிசையாக வரும். (எனக்கு இது ரொம்பப் பிடித்தது. தெருவுக்குப் பெயர் வைத்தவர் நல்ல இன்ஜினியராக இருந்திருப்பார்!)

எங்கள் தெரு நாக்ஸ். ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்து கே, ஆனால் சொல்லும்போது அந்த கே வராது. ஒரு நாள் அப்பத்தா வழி தவறிவிட்டார். எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கே என்று பயந்து நின்றார். என் மகள் தெருப் பலகையைப் பார்த்தாள். "அப்பத்தா, இது ஓ. ஆலிவர். நாம கே-க்குப் போகணும். இன்னும் நாலே தெரு" என்றாள். எண்ணிப் பாருங்கள், சரியாகத்தான் இருக்கும். அன்றைக்கு அவள்தான் அப்பத்தாவின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வந்ததும் என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

உங்கள் ஊரில் தெருப் பெயர்கள் இப்படி வரிசையாக இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. வீட்டைச் சுற்றி நாலு தெரு மட்டும் பெரியவர்களோடு நடந்து பார்த்து, ஒரு படம் வரையுங்கள். பெரிய மரம், நாய் இருக்கும் வீடு, பஸ் நிற்கும் இடம், எல்லாவற்றையும் அதில் போடுங்கள்.

என் மகளின் படத்தில் தெரு முனையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கம்பத்தின் மேல் நிற்கும் புத்தகப் பெட்டி அது. யார் வேண்டுமானாலும் புத்தகம் எடுக்கலாம், வைக்கலாம். காசு கிடையாது, கார்டும் வேண்டாம். இந்தப் பழக்கம் எங்களுக்குப் பக்கத்தில்தான் பிறந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் டாட் போல் என்பவர் 2009-இல் முதல் பெட்டியைச் செய்தார். அவருடைய அம்மா ஓர் ஆசிரியை. அவர் நினைவாக அந்தப் பெட்டியைக் குட்டிப் பள்ளிக்கூடம் மாதிரியே செய்தார். இப்போது நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் இப்படிப் பெட்டிகள் இருக்கின்றன. என் மகள் தான் படித்து முடித்த யானைக் கதைப் புத்தகத்தை அதில் வைத்தாள். மறுநாள் அது அங்கே இல்லை. யார் எடுத்திருப்பார்கள் என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை வந்தது. அமெரிக்காவில் பல ஊர்களில் அன்று மாலை அக்கம்பக்கத்தார் எல்லாரும் தெருவில் கூடுவார்கள். இதற்கு நேஷனல் நைட் அவுட் என்று பெயர். 1984-இல் தொடங்கியது. மினியாபொலிஸில் நகராட்சியிடம் அனுமதி வாங்கித் தெருவில் கார் வராமல் அடைத்துவிடுவார்கள். மேசை போட்டு ஆளுக்கு ஒரு சாப்பாடு கொண்டுவருவார்கள். (டெக்சாஸில் ஆகஸ்ட் வெயில் தாங்காது, அங்கே பல ஊர்களில் அக்டோபரில் வைப்பார்கள்.)

எனக்குப் போகத் தயக்கம். யாரும் வந்து நம்மைக் கூப்பிடவில்லையே என்றேன். அப்பத்தா விடவில்லை. "புதுசா வந்தவங்க நாமதானே, நாமதான் போய்ப் பேசணும்" என்று எலுமிச்சை சாதம் கிண்டினார். வேர்க்கடலை மட்டும் போடவில்லை. வேர்க்கடலை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் என்னென்ன சேர்த்தோம் என்று என் மகள் ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்தாள்.

எதிர் வீட்டுப் பையன் ஒருவன் கறிவேப்பிலையை எடுத்துக் காட்டி, "இதைச் சாப்பிடலாமா, தூக்கிப் போடணுமா?" என்று கேட்டான். என் மகள் யோசித்தாள். "அப்பத்தா சாப்பிடுவாங்க, அம்மா ஓரமா வைப்பாங்க" என்றாள். நான் திட்டு வாங்கினேன். அந்தப் பையன் மென்று பார்த்து முகத்தைச் சுளித்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். செப்டம்பரில் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நின்றபோது அவனும் அங்கே நின்றான்.

"எடிசன்ல இப்படி இல்ல" என்று இன்றைக்கும் சில நாள் சொல்வாள். சொல்லட்டும். எடிசன் தோழியோடு சனிக்கிழமை தோறும் வீடியோவில் பேசுகிறாள். அங்கே மணி எங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் போகும். அந்தத் தோழி இந்தக் கோடையில் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வரப்போகிறாள். அவளுக்குக் காட்ட வேண்டிய இடங்களை என் மகளே பட்டியல் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். மொத்தம் ஐந்து வரிகள். மின்னஹாஹா அருவி 53 அடி உயரம், அது நாலாவது இடத்தில் இருக்கிறது. முதல் இடத்தில் தெரு முனைப் புத்தகப் பெட்டி.