லோடு வண்டியில் ராத்தங்கல்

பிக்கப் வண்டியை இரவு தங்கும் வண்டியாக்க நினைப்பவர், வெல்டிங் பட்டறைக்குப் போகும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். தொட்டிக்குள் வைக்கும் எந்தப் பொருளும் அரை மணி நேரத்தில் அவிழ்த்து இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி வட்டாரத்தில் பிக்கப் என்பது பிழைப்புக்கான வண்டி. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல்லும் மல்லாட்டையும் ஏற்றிப்போகும் தொட்டியில் கட்டிலையும் அலமாரியையும் வெல்டு வைத்துவிட்டால், மறுநாள் லோடு அடிக்க முடியாது. சட்டம் கேட்பதும் இதையேதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிரந்தரக் கூரையும் நீட்டிக் கட்டிய தொட்டியும் எஃப்.சி. காட்டும் நாளில் உரிமையாளரைச் சிக்கலில் விடும். கயிற்றால் கட்டிய தார்ப்பாய்க்கும் பெல்ட்டால் இறுக்கிய பலகைக்கும் அந்தக் கவலை இல்லை.

வண்டியிலேயே தங்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. மாட்டு வண்டிக் காலத்தில் திருவிழாவுக்குப் போன குடும்பங்கள் கூண்டு வண்டியைத்தான் வீடாக வைத்துக்கொண்டன. அடித்தட்டில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து ஏறுவார்கள். வழியெல்லாம் மெத்தையாக இருந்த வைக்கோல், இறங்கிய இடத்தில் மாட்டுக்குத் தீனியாகும். மாட்டை அவிழ்த்து, நுகத்தடிக்கு முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டால் கூண்டுக்குள் பெண்களும் குழந்தைகளும் படுப்பார்கள். ஆண்களுக்கு வண்டியின் அடி. செஞ்சிக்கு வடக்கே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்கு வெளியூர்க்காரர்கள் இன்றும் வண்டி கட்டிக்கொண்டு வந்து, பாய் விரித்து, விடியும்வரை தங்கிப் போகிறார்கள். ஒரே பொருள் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்ற கூண்டு வண்டியின் ஏற்பாடு பிக்கப்புக்கும் நன்றாகவே பொருந்தும்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ஓடும் சரக்கு வண்டியின் தொட்டியில் ஆள் ஏறக் கூடாது. படுக்கை எவ்வளவு வசதியாக இருந்தாலும் வண்டி நின்ற பிறகுதான் அதில் ஏற வேண்டும். அபராதம் இதில் சிறிய விஷயம். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவருக்குக் கட்டாயக் காப்பீட்டில் இழப்பீடு கிடைக்காது என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. விபத்து நேர்ந்தால் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய பணமும் போய்விடும். குட்டி யானை என்று ஊரே அழைக்கும் டாடா ஏஸில் ஓட்டுநர் போக ஒருவருக்குத்தான் இருக்கை. நான்கு பேர் குடும்பம் என்றால் மற்ற இருவர் பேருந்தில் வருவதே முறை. திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை மூன்றிலிருந்தும் செஞ்சிக்குப் பேருந்துகள் உண்டு. நாற்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடலாம்.

எந்த வண்டி நல்லது என்பதைப் படுக்கையின் நீளம்தான் தீர்மானிக்கிறது. ஏஸின் தொட்டி ஏறத்தாழ 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். உயரமானவரும் கால் நீட்டிப் படுக்கலாம். இரண்டு பெரியவர்களோடு ஒரு குழந்தைக்கும் இடம் இருக்கும். ஓசூரில் தயாராகி 2011இல் சந்தைக்கு வந்த அசோக் லேலண்டு தோஸ்த், மஹிந்திரா பொலேரோ பிக்கப் ஆகியவற்றின் தொட்டிகள் 8 அடியும் அதற்கு மேலும் போகும். இரட்டைக் கேபின் வண்டிகளில் ஐந்து பேர் சட்டப்படி உட்கார்ந்து போகலாம். ஆனால் கேபின் நீண்ட அளவுக்குத் தொட்டி குறுகிவிடுகிறது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றின் தொட்டி 5 அடிதான். பின்கதவைத் திறந்து வைத்தால்தான் கால் நீட்ட முடியும். இவற்றுக்காகவே கூரைமேல் விரியும் கூடாரங்கள் விற்கிறார்கள். அந்தக் கூடாரம் ஒன்றே ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளது, அதுவும் வண்டியின் உச்சியில் உட்காரும் எடை. வளைவுகளில் வண்டி சாயும். இரவு முழுக்க வியர்க்கும் சமவெளியில், ஏணி ஏறி மூடிய துணிக்குள் படுப்பதில் பெரிய லாபமும் இல்லை. ஏழு அடித் தொட்டியுள்ள சாதாரண லோடு வண்டியே இந்த ஊர்களுக்கு மேலான தேர்வு.

ஏஸ் முக்கால் டன் வரை தாங்கும். தோஸ்தும் பொலேரோ பிக்கப்பும் ஒரு டன்னைத் தாண்டும். நால்வருக்கான முகாம் பொருள்கள் அனைத்தையும் ஏற்றினாலும் 300 கிலோவைத் தொடாது. அதனால் எவ்வளவு எடை என்பதைவிட, எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். தண்ணீர்க் கேன், பேட்டரி, அடுப்பு, பாத்திரம் ஆகியவை கேபினை ஒட்டி, தொட்டியின் தரையோடு இருக்க வேண்டும். பின்கதவுப் பக்கம் பாயும் துணியும் போதும். மூட்டை தாங்குவதற்கென்றே செய்த பின்பக்கப் பட்டை ஸ்பிரிங், குறைந்த எடையில் குதிக்கும். காற்றும் கல்லாக இருந்தால் சாமான்கள் உடையும். ஏற்றிய எடைக்கு எவ்வளவு காற்று என்பதை வண்டியின் கையேடு சொல்கிறது. முழு லோடுக்கான அளவிலேயே டயரை விட்டுவிடக் கூடாது.

படுக்கைக்கு இரும்புச் சட்டம் தேவையில்லை. மண்டியில் தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகளே போதும். அவற்றைத் தொட்டியின் இருபுறமும் வரிசையாக வைத்து, மேலே 18 மி.மீ. பிளைவுட்டை மூன்று துண்டுகளாக அறுத்துப் பரப்பினால், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மேடை கிடைத்துவிடும். கிரேட்டுகளுக்குள் அரிசியும் பாத்திரமும் துணியும் அடங்கும். பலகையை ஒரே துண்டாக வைத்தால் அடியில் இருக்கும் உப்பை எடுக்க மூன்று பேரை எழுப்ப வேண்டியிருக்கும். துண்டுகளாக அறுக்கச் சொல்வது அதற்காகத்தான். தொட்டியின் வெளிப்புறம் கயிறு கட்டும் கொக்கிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் ராட்செட் பெல்ட்டை மாட்டிக் குறுக்கே இறுக்கினால் மேடை அசையாது. மேலே கோரைப்பாயும் பவானி ஜமுக்காளமும் விரித்தால் காற்றோட்டமாக இருக்கும். ஸ்பாஞ்சு மெத்தை வியர்வையை உறிஞ்சிக்கொண்டு மறுநாள் நாறும். செஞ்சி போன்ற பாறை நிலத்தில் தேளும் விரியனும் உண்டு. தரைக் கூடாரத்தைவிட வண்டித் தொட்டி மேலானது என்று சொல்வதற்கு மிகப் பெரிய காரணம் இந்த உயரம்தான்.

கூரை அமைப்பதில்தான் பலர் குளிர் நாட்டுப் படங்களைப் பார்த்து ஏமாறுகிறார்கள். குளிரைத் தடுக்க நான்கு பக்கமும் மூடிய பெட்டி அங்கே வேண்டும். சித்திரை வைகாசியில் 40 டிகிரி தொடும் ஊரில் அது அடுப்பாகிவிடும். செஞ்சியின் மலைகள் கருங்கல் உருண்டைகளை அடுக்கி வைத்தவை. பகலில் குடித்த வெயிலை அவை இரவு நெடுநேரம் கக்கிக்கொண்டிருக்கும். எனவே பாறையடியை விட்டு விலகித் திறந்த வெளியில் நிறுத்துவதும், பக்கங்களைத் திறந்து வைப்பதும் முக்கியம். வளைத்த இரும்புக் குழாய்கள் மூன்றைத் தொட்டியின் ஓரத் துளைகளில் செருகினால் கூண்டு தயார். அதன்மேல் வெள்ளி நிறப் பக்கம் வெளியே தெரியும்படி தார்ப்பாயை இழுத்துக் கட்ட வேண்டும். கறுப்புத் தார்ப்பாய் வெப்பத்தை வாங்கி உள்ளே இறக்கும். பக்கங்களை முழங்கை உயரத்துக்குச் சுருட்டிவிட்டு, உள்ளே கொசுவலையைத் தொங்கவிடலாம். கரூரில் நெய்யும் பாலிஎத்திலீன் வலை துவைக்கத் துவைக்க நிற்கும். வலையின் கீழ் விளிம்பைப் பாயின் அடியில் செருகிவிட வேண்டும். மழைக்காலமானால் தார்ப்பாயின் ஒரு முனையைத் தாழ்த்திக் கட்டினால் தண்ணீர் ஒரே பக்கமாக வழிந்துவிடும். சமமாகக் கட்டினால் நடுவில் தேங்கிக் கூண்டையே சாய்க்கும்.

நால்வருக்கு இரண்டு நாளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் கைகால் கழுவவும் 80 லிட்டர் தேவை. கடையில் கிடைக்கும் 20 லிட்டர் கேன் நான்கு. கேனைத் தலைகீழாகக் கவிழ்க்காமல் குழாய் பொருத்திய மூடி ஒன்றை வாங்கிக்கொண்டால் பாதித் தண்ணீர் மிச்சமாகும். முகாம் என்றாலே தண்ணீரும் தீனியும்தான் என்பதை இந்த ஊரின் வரலாறே காட்டியிருக்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டுக் கிடந்தார். உச்சியிலேயே நீர்நிலைகள் இருந்ததால் கோட்டைக்குள் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். வெளியே முகாமிட்டிருந்த படைக்கோ, மராட்டியர் வழியை மறித்தபோது தானியம் வரவில்லை. 1693இல் ஜுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

மின்சாரத்துக்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை. 15 வாட் டி.சி. மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 120 வாட்-மணி. இரண்டு எல்.இ.டி. விளக்குகளுக்கு 50, நான்கு கைபேசிகளுக்கு 60. ஓர் இரவுக்கு மொத்தம் 230. 12.8 வோல்ட், 40 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 500 வாட்-மணிக்கு மேல் இருப்பதால் இரண்டு இரவு தாங்கும். 100 வாட் சூரியத் தகடு ஒன்றைப் பகலில் கேபின் கூரைமேல் கட்டி வைத்தால் நல்ல வெயிலில் அந்தச் செலவு அன்றே திரும்பிவிடும். வண்டியின் சொந்த பேட்டரியிலிருந்து விசிறிக்கு இழுக்கக் கூடாது. அது ஸ்டார்ட் செய்யும் நொடிக்கான பேட்டரி. இரவெல்லாம் வடித்தால் காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும். தனி பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆடும் வண்டியில் ஒயர் உராய்ந்து தீப்பிடிப்பதை அது ஒன்றே தடுக்கிறது.

சமையல் தொட்டிக்கு வெளியே, தரையில், காற்றுக்கு மறைவாக நடக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தொட்டிக்குள் கசிந்தால் மேலே எழாமல் அடியில் தேங்கும். படுக்கை மேடையின் கீழ் தேங்கிய வாயுவை யாரும் பார்க்க முடியாது. 5 கிலோ சிலிண்டர் இந்தப் பயணத்துக்குப் போதும். அதை நிமிர்த்தியே வைத்துக் கட்ட வேண்டும், படுக்கும்போது ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும். மூடிய தார்ப்பாய்க்குள் கரியடுப்போ ஜெனரேட்டரோ ஓடும் இன்ஜினோ இருக்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

செஞ்சியில் வண்டியை எங்கே நிறுத்துவது? கோட்டைக்குள் தங்க முடியாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், மாலையில் வாயில் மூடப்படும். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். திருவண்ணாமலைச் சாலை கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகளுக்கு நடுவே போவதால் சாலையோரத்திலேயே படுத்துவிடத் தோன்றும். லாரிகள் இரவு முழுக்க ஓடும் வழி, அது வேண்டாம். சுற்றியுள்ள காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்டார்கள். அதன் பிறகு மலையேற்ற விதிகளையும் அரசு கடுமையாக்கியிருக்கிறது. சிறந்த இடம், உரிமையாளரிடம் கேட்டு வாங்கிய ஒரு தோப்பு. பம்ப்செட் ஓடினால் காலைக் குளியலும் ஆயிற்று. மின்விளக்குள்ள பெரிய பெட்ரோல் பங்கும், கேட்டால் இடம் தரும் திருமண மண்டபத்து முற்றமும் அடுத்த வழிகள்; கழிவறை இருப்பதால் பெண்களுக்கு இவையே வசதி.

ஐப்பசி, கார்த்திகையில் வருவோர் ஏரி உட்புறத்திலும் ஓடைக்கரையிலும் நிறுத்தவே கூடாது. 2024 நவம்பர் இறுதியில் கரையேறிய ஃபெஞ்சல் புயலில் இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் பாறையும் மண்ணும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். உருண்டைப் பாறைகள் அடுக்கிய செஞ்சிச் சரிவுகளின் அடியிலும் மழை இரவில் படுக்கக் கூடாது.

இரண்டு நாள் கைவசம் இருந்தால் முதல் நாள் காலை கோட்டை திறந்ததும் ராஜகிரி ஏறிவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் படிக்கட்டு கொதிக்கும். மாலையில் சிங்கவரம் அரங்கநாதர் குடைவரை, மறுநாள் சமணர் மடமுள்ள மேல்சித்தாமூர், மகேந்திரவர்ம பல்லவன் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் குடைந்த மண்டகப்பட்டு. பேருந்தில் போனால் ஒவ்வொன்றுக்கும் அரை நாள் காத்திருக்க வேண்டிய இடங்கள் இவை. சொந்த வண்டிக்காரருக்கு ஒரே சுற்றில் முடியும்.

கிளம்பும்போது காலியான கிரேட் ஒன்றைக் குப்பைக்கென்றே ஒதுக்கி வையுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. இருந்தும் கோட்டை அடிவாரத்துக் குரங்குகள் நெகிழி உறைகளைக் கிழித்துத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. கொண்டுவந்ததை எல்லாம் அதே வண்டியில் ஊருக்குத் திருப்பி எடுத்துச் செல்லுங்கள்; தோப்புக்காரர் அடுத்த முறையும் இடம் கொடுப்பார்.