குறைமாதப் பனிக்குட உடைவு

குறைமாதப் பனிக்குட உடைவு என்பது, கருப்பத்தின் 37 வாரங்கள் நிறைவடையும் முன்பே, பிரசவ வலி தொடங்காத நிலையில், கருவைச் சூழ்ந்துள்ள பனிக்குடம் உடைந்து நீர் வெளியேறுவதைக் குறிக்கும். 100 கருப்பங்களில் ஏறத்தாழ 2 அல்லது 3 இல் இது நிகழ்கின்றது. குறைமாதப் பிறப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதனைத் தொடர்ந்து ஏற்படுகின்றது. பனிக்குடம் உடைந்தது முதல் குழந்தை பிறக்கும் வரையான காலம் இடைக்காலம் எனப்படும். இது சில மணி நேரமாகவோ பல வாரங்களாகவோ இருக்கலாம். பெரிய மருத்துவமனை சற்றுத் தொலைவில் அமைந்த சிவகாசி போன்ற பகுதிகளில், தாயை எங்கு, எவ்வளவு விரைவாக அனுப்புவது என்ற முடிவு இதன் மதிப்பீட்டைச் சார்ந்துள்ளது.

காரணங்கள்

பனிக்குடம் இரண்டு மெல்லிய படலங்களால் ஆனது. நிறைமாதத்தில் இவை இயல்பாகவே வலுவிழக்கின்றன. அதற்கு முன்னரே உடைவதற்கு, கருப்பைவாய் வழியாக மேலேறும் நுண்ணுயிர்த் தொற்று ஒரு முக்கிய காரணமாகும். முந்தைய கருப்பத்தில் இவ்வாறு நிகழ்ந்திருத்தல், கருப்பகாலக் குருதிப்போக்கு, கருப்பைவாயின் நீளம் குறைந்திருத்தல், புகைபிடித்தல், குறைந்த உடல் எடை ஆகியனவும் இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. பலரிடம் குறிப்பிட்ட காரணம் எதுவும் புலப்படுவதில்லை.

இடைக்காலத்தை மதிப்பிடுதல்

பொதுவாக, கருவின் வயது குறைவாக இருந்தால் இடைக்காலம் நீள்கின்றது. நிறைமாதத்தில் பனிக்குடம் உடைந்தால், ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாகவே தொடங்குகின்றது. குறைமாதத்தில் உடைந்தால், குறைந்தது பாதிப் பேருக்கு ஒரு வாரத்துக்குள் குழந்தை பிறக்கின்றது. பின்வருவன இடைக்காலம் குறுகியதாக இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள்:

* மீயொலிச் சோதனையில் (ஸ்கேன்) எஞ்சிய பனிக்குட நீர் மிகக் குறைவாகக் காணப்படுதல்
* கருப்பைவாய் குறுகியோ விரிந்தோ இருத்தல்
* கருப்பை சுருங்கத் தொடங்கியிருத்தல்
* தொற்று அல்லது குருதிப்போக்கு
* இரட்டைக் கரு

இவை பலரை ஒருசேர ஆராய்ந்து பெறப்பட்ட நிகழ்தகவுகள் மட்டுமே. ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்கு நாளும் மணியும் கணித்துக் கூறவல்ல சோதனை எதுவும் இல்லை. குருதி வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் தனித்து நம்பத்தக்க முன்னறிவிப்பைத் தருவதில்லை. விரலால் செய்யப்படும் உள்பரிசோதனை இடைக்காலத்தைக் குறைத்துத் தொற்று வாய்ப்பைக் கூட்டுவதால், வலி தொடங்காத வரை அது தவிர்க்கப்படுகின்றது.

மருத்துவம்

குழந்தையின் நுரையீரலை முதிர்விக்கத் தாய்க்கு இயக்க ஊக்கி மருந்து (ஸ்டீராய்டு) ஊசி மூலம் செலுத்தப்படுகின்றது. டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் வீதம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, 4 முறை தரப்படும். முதல் ஊசிக்குப் பின் ஒரு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் குழந்தை பிறந்தால் பயன் மிகுதி. இடைக்கால மதிப்பீடு இன்றியமையாததாவது இதனாலேயே. இந்தியா உட்பட 5 நாடுகளில் உலக சுகாதார அமைப்பு நடத்தி 2020 இல் வெளியிட்ட ஆய்வில், இம்மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளிடையே பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 விழுக்காட்டிலிருந்து 19.6 ஆகக் குறைந்து காணப்பட்டது. எனினும் கருவின் வயது சரியாக அறியப்பட்டிருத்தல், தாய்க்குத் தொற்று இல்லாதிருத்தல், பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு வசதி இருத்தல் ஆகியன இதற்குத் தேவையான நிபந்தனைகளாகும்.

எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் இடைக்காலத்தை நீட்டிப்பதை, 4,800 க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்று 2001 இல் வெளியான ஆரக்கிள் ஆய்வு காட்டியது. தொற்று, குருதிப்போக்கு அல்லது கருவின் இதயத்துடிப்பில் மாற்றம் தோன்றினால் காத்திராமல் குழந்தை பிறக்கச் செய்யப்படுகின்றது.

விருதுநகர் மாவட்டத்தில்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் பட்டாசுத் தொழிற்சாலைகள் ஊர்களுக்கு வெளியே அமைந்துள்ளன. அவற்றில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். முன்னர், இப்பகுதிக்கு அண்மையிலிருந்த பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையே ஆகும். 2008 இல் தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கப்பட்டது. 2022 சனவரி 12 அன்று விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவற்றால் பயணத் தொலைவும் நேரமும் குறைந்துள்ளன.

இந்திய அரசின் 2014 ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 24 முதல் 34 வாரக் கருப்பத்தில் குறைமாதப் பிரசவ அறிகுறி உள்ள தாய்க்கு, மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே செவிலியர் முதல் ஊசியைச் செலுத்தலாம்.

நீர் கசிவதைச் சிறுநீர் எனக் கருதுவதும், வலி இல்லையே என்று வீட்டிலோ வேலையிடத்திலோ காத்திருப்பதும் சிகிச்சைக்குரிய நேரத்தை வீணாக்குகின்றன. நீர் கசியத் தொடங்கிய நேரம், அதன் நிறம், முதல் மூன்று மாதங்களில் எடுத்த ஸ்கேன் அறிக்கை ஆகிய மூன்றும் மருத்துவரின் மதிப்பீட்டுக்குப் பெரிதும் உதவுகின்றன.