காசிச்செட்டியின் ஆங்கிலப் புலவர் வரலாறு

புத்தளக் கடனீரேரிக்கும் மேலைக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலத்தில், ஒல்லாந்தர் கோட்டையுடன் விளங்குவது கற்பிட்டி. அவ்வூரில் 1807 ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்க் கல்வியை ஆங்கிலம் அறிந்தார்முன் வைத்த முன்னோடியராவர். இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் அகரவரிசையில் விளக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை 1834 இல் வெளியிட்டபோது அவருக்கு அகவை இருபத்தேழே. சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்த அவர் பின்னர்ச் சிலாபத்தில் நீதிபதியாயினார்.

அவரது தலைசிறந்த முயற்சி 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறிய 'தமிழ் புளூட்டாக்' ஆகும். கிரேக்கப் பேராசிரியர் புளூட்டாக் பெரியோர் வரலாறு வரைந்ததை நினைவூட்டும் இப்பெயர், அந்நூல் யாருக்காக எழுந்தது என்பதைச் சொல்லாமற் சொல்கின்றது. தமிழகத்துப் புலவரும் ஈழத்துப் புலவரும் ஆங்கில எழுத்து வரிசையில் அதில் நிரலே அமைகின்றனர்.

அந்நாளின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887 இல். புறநானூற்றைப் பதிப்பித்தது 1894 இல். ஆகவே காசிச்செட்டியார் ஏட்டுச் சுவடிகளையும் செவிவழிச் செய்திகளையுமே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. வள்ளுவரும் ஔவையாரும் உடன்பிறந்தோர் என்னும் கதை போல்வனவும் நூலுட் புகுந்தன. தமிழறிந்தவன் கதையைக் கதையென்றே கொள்வான். அறியாதவனோ அதனையே வரலாறென மயங்குவான். பிறமொழியார்க்கு எழுதுவோன் சுமை இரட்டிப்பானது என்பது இங்கே புலனாகின்றது.

சீன நூல்களை ஆங்கிலமாக்கிய ஜேம்ஸ் லெக், 1861 இல் ஹொங்கொங்கில் வெளியிடத் தொடங்கிய தொகுதிகளில், சீன மூலத்தையும் பெயர்ப்பையும் குறிப்புரையையும் ஒரே பக்கத்தில் அமைத்தார். ஐயுறுவோன் மூலத்தையே நோக்கலாம். ஆனால் லெக் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த சமயத்தொண்டர். காசிச்செட்டியாரோ தம் தாய்மொழிச் செல்வத்தைத் தாமே எடுத்துரைத்தவர். இவ்வேற்றுமை சிறிதன்று.

1860 இல் அவர் மறைந்தார். அவர் நூலோ தமிழுக்கே திரும்பியது. 1886 இல் ஆணல்ட் சதாசிவம்பிள்ளை தமிழில் இயற்றிய 'பாவலர் சரித்திர தீபகம்' அதிலிருந்து செய்திகள் பலவற்றை எடுத்தாண்டது. 1946 இல் கொழும்பில் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புக்களுடன் அது மீண்டும் ஆங்கிலத்திலேயே பதிப்பிக்கப்பெற்றது. அதற்குள் சங்க நூல்கள் அச்சுருவில் அறிஞர் கையில் இருந்தன.